எந்தப் பக்கம் வுழுந்தான்?

யாராவது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகத் தெருவுக்குச் சேதி வந்தால், "ஐயையோ, உசுரு கீதா?" என்றுதான் நாங்கள் எல்லாரும் கேட்போம். எதிர் வீட்டு நர்சம்மா மட்டும், "எந்தப் பக்கம் வுழுந்தான்? இன்னா போட்டுக்கினு இருந்தான்?" என்பாள். அவள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியே அதுதான். அடிபட்டவன் பெண்டாட்டி தலையிலடித்துக்கொண்டு அழுதால் அவளிடமே போய்க் கேட்பாள். கல்நெஞ்சுக்காரி என்று நான் அவளைச் சொல்லியிருக்கிறேன். அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

அவர், இவர் என்று மரியாதையாக எழுதலாம்தான். என்னைவிட மூத்தவள், நேரில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் திட்டியபோதும் கும்பிட்டபோதும் மனசுக்குள் அவள் 'அவள்'தான். அப்படியே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். மணவாள நகருக்கு நாங்கள் புதிதாகக் குடிவந்திருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. ரயிலில் போவதென்றால் மெட்ராஸ் வரைக்கும் போய், அங்கே வேறு லைன் பிடித்து, திரும்ப வடக்கே ஏற வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. அதனால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டார். பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகப் போய் வருவார். அந்த ரோட்டில் மணல் லாரி உண்டு, எருமை உண்டு, அறுப்புக் காலத்தில் ரோட்டின் மேலேயே பரப்பி வைத்த நெற்கதிர் உண்டு. சாயங்காலம் தெரு முனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் அடுப்பு எரிகிறதா அணைந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

இந்த லட்சணத்தில்தான் எதிர் வீட்டில் இவள் இருந்தாள். பெரியபாளையம் போகிற ரோட்டின் மேல் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அந்த ரோட்டில் யார் விழுந்தாலும் முதலில் அங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் துணியைக் கத்தரித்து எடுக்க வேண்டுமே, அது இவள் வேலை. கத்தரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கேட்பாரற்றுக் கிடக்கிற அந்தத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, துவைத்து, பின்பக்கக் கொடியில் காயப்போடுவாள்.

குடிவந்த புதிதில் தயிருக்கு உறை மோர் வாங்கப் போனவள் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டேன். முழுத் துணி என்று ஒன்றுமில்லை. ஒரு சட்டைக் கை தனியாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பேண்டின் ஒற்றைக் கால். அப்புறம் முதுகுப் பக்கம் மட்டும் ஒன்று, நடுவில் ஓட்டையோடு. மோர்க் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்தேன். எங்கள் பக்கத்தில் அடிபட்டவன் துணியை வீட்டு வாசலுக்குள் எடுத்து வரமாட்டார்கள். கொளுத்துவார்கள், இல்லாவிட்டால் ஆற்றில் விடுவார்கள். இவள் என்னடா என்றால் கிளிப் போட்டுக் காயவைக்கிறாள். தெருப் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பேர்களை இங்கே எழுத முடியாது.

அவளுக்கு அதெல்லாம் காதிலேயே ஏறாது. வண்டியை உதைத்துக் கிளப்புகிற எந்த ஆம்பளையைப் பார்த்தாலும் கிட்டே போய், அவன் சட்டைக் கையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பாள். அப்போது டெரிலின் சட்டை என்றால் மாப்பிள்ளை மிடுக்கு. இவளுக்கு டெரிலின் என்றாலே ஆகாது.

"இது ரோட்டுல தேச்சிதுனா உருகும் தம்பி. உருகித் தோலோட ஒட்டிக்கும். நான் இடுக்கி வச்சி ஒண்ணொண்ணா புடுங்கணும். நீ கத்துவே. நானும் கூடவே கத்துவேன்" என்பாள். காலையில் வேலைக்குக் கிளம்புகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

என் வீட்டுக்காரர் சிரிப்பார். "இன்னாக்கா, காலங்காத்தால பேஜாரு பண்ற. நாஷ்டா துன்னுட்டுக் கெளம்பறவனப் போயி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு அவர் போன பிறகு நாள் முழுக்க அந்த டெரிலின் கண்ணுக்குள்ளேயே உருகிக்கொண்டிருக்கும்.

ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பின்னால் உட்கார்ந்து பெரியபாளையத்து அம்மனைப் பார்க்கக் கிளம்பினேன். புதுப் புடவை, தலை நிறையப் பூ. ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்ததுதான் தாமதம், இவள் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். என் முந்தானையைப் பிடித்து இழுத்து இடுப்பில் சொருகினாள். அது போதவில்லை என்று புடவைக் கொசுவத்தையும் சுருட்டி முழங்காலுக்குக் கீழே அடக்கினாள். போன ஆடியில் இதே கோயிலுக்குப் போன ஒருத்தியின் முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டதாம். "அவ கழுத்துல கெடந்தத நான் எப்டி வெட்டுனேன்னு கேளு" என்று ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை. இறங்கிவிட்டேன். பஸ்ஸில்தான் போனோம்.

அந்த அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். உடம்பு முழுக்க வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு கோயிலை வலம் வருவார்கள், பார்த்திருப்பீர்கள். அவர் இந்த வண்டியை விற்றுத் தொலைக்கிற நாள் வரைக்கும் ஒரு கீறல் படாமல் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. திரும்பி வந்து இவளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "கட்டும்மே. நீ வேப்பல கட்டு. அவனுக்கு நான் ஒரு சட்ட தச்சுத் தரேன்" என்றாள்.

தைத்தே விட்டாள். லாரிக்கு மேலே போடுகிற தார்ப்பாய் கான்வாஸில் ஒரு முழுக்கைச் சட்டை. முழங்கை, தோள், இடுப்பு மூன்று இடத்திலும் இரட்டை மடிப்பு. கொடியில் தொங்கியதில் முக்கால்வாசி அந்த மூன்று இடத்தில்தான் கிழிந்திருந்தது என்றாள். தையலும் செருப்புத் தைக்கிற நூலில். துணி தாங்கினாலும் நூல் விட்டுவிடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. வெல்டிங் போடுகிறவன் ஒருவன் தோல் கையுறையோடு விழுந்தானாம், கையுறைத் தோலில் கீறல்கூட இல்லை, தையல் மட்டும் வாயைப் பிளந்து உள்ளங்கை போய்விட்டதாம். "துணிய நம்பு, நூல நம்பாத" என்பாள்.

எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டை காற்றில் பறக்காமல் இருக்க இடுப்பில் நீளமாக ஒரு கயிறு வைத்திருந்தாள். முதல் நாளே அந்தக் கயிறு அவிழ்ந்து செயினுக்குள் போய்விட்டது. நல்ல வேளை, வண்டி எங்கள் தெருவைத் தாண்டவில்லை. அவர் இறங்கி, கயிற்றை அறுத்து, திரும்ப வந்து நின்றார். அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. சட்டையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனவள் அன்றைக்கு வேலைக்கே போகவில்லை. சாயங்காலம் கயிறு இருந்த இடத்தில் பட்டன் இருந்தது. தொழிற்சாலையில் அவரைச் சாக்குமூட்டை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான்தான் கெஞ்சிக் கூத்தாடிப் போட வைத்தேன். அவளைப் பிடிக்காது, ஆனால் அவள் சொன்னதைத் தட்டவும் பயம்.

அந்த வருடம்தான் ராசி ஹெல்மெட் வந்தது. அவர் கூட வேலை செய்த வெல்டர் ஒருவருக்குப் பட்டாளத்து மச்சான் ஒரு ஹெல்மெட் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தில் அப்போது ஹெல்மெட் போட்டு யார் பார்த்தது? அந்த வெல்டர் ஒருநாள் எருமை குறுக்கே வந்து விழுந்தார். தலை மதகுச் சுவரில் மோதியது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வேலைக்கே வந்துவிட்டார். அவ்வளவுதான், தொழிற்சாலையே அந்த ஹெல்மெட்டைக் கும்பிட ஆரம்பித்தது. ஆயுத பூஜைக்கு லேத் மெஷின் மேல் வைத்து மாலை போட்டார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றிய சாமான் ஆயிற்றே, ராசி அதில் குடியிருக்கிறது என்று எல்லாருக்கும் நம்பிக்கை. எனக்கும்தான். தூரத்திலிருந்து வருகிறவர் நீங்கள், உங்களுக்குத்தான் அது வேண்டும், கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அவரை அரித்து எடுத்தேன். வெல்டர் நல்ல மனுஷன், கொடுத்துவிட்டார்.

அதற்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, திருஷ்டி சுற்றிச் சாமி படத்தடியில் வைத்தேன். வண்டி வாங்கியதிலிருந்து முதல் தடவையாக அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அவர் தலையில் அதை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது எதிர் வீட்டுக் கேட் திறந்தது.

"ஏது தம்பி இது?"

"ராசியான ஹெல்மெட்டுக்கா. எங்க வெல்டரு உசுரக் காப்பாத்துனது."

"எந்தப் பக்கம் வுழுந்தான்?"

"எடது பக்கம்."

கழற்றச் சொல்லி வாங்கினாள். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். ஐயோ, நான் வைத்த குங்குமத்தைத் துடைக்கிறாளே என்று தடுக்கப் போனேன். குங்குமத்துக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தது. உள்ளே விரலை விட்டு அமுக்கினாள். வலது பக்கம் உள்ளே ஒட்டியிருந்த வெள்ளைத் தெர்மோகோல் மெத்தை தடிமனாக இருந்தது. இடது பக்கம் அப்பளமாக நசுங்கிப் போயிருந்தது.

"இது வாங்க வேண்டிய அடிய வாங்கிக்கிச்சி. இனிமே இது வெறும் டப்பா" என்றாள்.

"அக்கா, அது உசுரக் காப்பாத்துன சாமான். அப்டிச் சொல்லாத" என்றேன்.

"அதாம்மே நானும் சொல்றேன். காப்பாத்திட்ச்சி. முடிஞ்சி பூட்ச்சி. ஒடஞ்ச தேங்காய இன்னொரு தபா ஒடைப்பியா நீ?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று என் சமையலறைக்குள் போனாள். என் அம்மிக் குழவியைத் தூக்கி வந்தாள். ஹெல்மெட்டை வாசல்படியில் கவிழ்த்து வைத்து, ஓங்கி ஒரு போடு. இரண்டாகப் பிளந்துவிட்டது. புருஷன் வெளியே கிளம்புகிற நேரம், வாசல்படி, உடைகிற சத்தம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? "என் தாலி மேல கைய வைக்கிறியாடி பாவி" என்று கத்தினேன். தெருவே கூடிவிட்டது. அவர் வெறுந்தலையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு முழுக்க நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

இப்போதும் சொல்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உடைத்திருக்கலாம். உடைத்ததும் என் குழவியால். ஓரம் வேறு சில்லுப் போய்விட்டது.

அந்த வாரமே மெட்ராஸ் போய்ப் புது ஹெல்மெட் ஒன்று வாங்கி வந்தாள். என்னிடம் தரவில்லை. அவர் தலையில் அவளே மாட்டி, தாடைக்கடியில் வாரைப் பூட்டி, பின்னாலிருந்து பிடித்து முன்பக்கம் தள்ளிப் பார்த்தாள். கழன்று வரவில்லை. "கீறலே இல்லாத ஹெல்மெட்டு வயல்ல உருண்டு கெடக்கும். ஆளு ரோட்டுல கெடப்பான். வாரு பூட்டாதவன் கத அது" என்றாள். விலை கேட்டதற்கு வாயை மூடு என்றாள். நான் அவளோடு பேசவில்லை. பொங்கல் வரைக்கும் பேசவில்லை.

பொங்கல் கழிந்த அறுப்புக் காலம். அன்றைக்குச் சாயங்காலம் அவர் வருகிற நேரம் தாண்டிவிட்டது. விளக்கு வைத்துவிட்டு வாசலில் நின்றேன். தெரு முனையில் வண்டிச் சத்தம் கேட்டது. எங்கள் வண்டிச் சத்தம் இல்லை. யாரோ ஒரு பால்காரர் ஓட்டி வந்தார். பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

நர்சம்மா. அவள் மோட்டார் சைக்கிளில் ஏறி நான் பார்த்ததே கிடையாது. பஸ் வராவிட்டால் நடப்பாள், இதில் மட்டும் ஏறமாட்டாள். அவள் ஆம்பளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு, வெள்ளைப் புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் நிற்க முடியாமல் எங்கள் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கிறது.

கையில் ஒரு துண்டுத் துணி. கான்வாஸ். அவள் தைத்த சட்டையின் ஒரு கை, கத்தரியால் வெட்டி எடுத்தது.

துணியை வெட்டிவிட்டாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? "அக்கா, சொல்லு. உசுரோட கீறாரா இல்லியா, சொல்லு" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவளால் பேச முடியவில்லை. அந்தத் துண்டை என் கையில் திணித்தாள். திணித்துவிட்டு, பார் பார் என்று கையால் காட்டினாள்.

பார்த்தேன். முழங்கையில் மேல் மடிப்பு தேய்ந்து நூல் நூலாகப் போயிருந்தது. கீழ் மடிப்பு முழுசாக இருந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை. அதை உட்புறமாகத் திருப்பினேன். உள்ளே ரத்தம் இல்லை. வேர்வை ஈரம் இருந்தது, ரத்தம் இல்லை. விளக்கடிக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை.

அதற்கப்புறம் என் வாயில் வந்த கேள்வியைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

"எந்தப் பக்கம் வுழுந்தாரு?" என்றேன்.

அவளுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "வலது பக்கம். கதிர் மேல வண்டி வழுக்கிட்ச்சி. காலு ஒடஞ்சி கீது. கட்டுப் போட்டாச்சி. பேசறான்."

"ஹெல்மெட்டு?"

"வெடிச்சிட்ச்சி."

அம்மா தாயே, பெரியபாளையத்து பவானி என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெடித்ததென்றால் அது அடியை வாங்கிக்கொண்டது. அவர் தலை வாங்கவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். பால்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவளைக் கேட்டேன். "அந்தத் துண்டையெல்லாம் எதுக்குக்கா எடுத்துக்கினு வந்து வச்சிக்கிற?"

"பயம்மே. எனக்குப் பயம். எங்க கிழியும், எது தாங்கும்னு தெரிஞ்சிக்கினா கொஞ்சம் கொறையும்னு பாத்தேன்" என்றாள்.

"கொறஞ்சிதா?"

"எங்க?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை நாளும் அவளைக் கல் என்று நினைத்தேன். எங்கள் தெருவிலேயே அதிகம் பயந்தவள் அவள்தான். என்னைவிடப் பயந்தவள்.

அடுத்த வருடம் அவள் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். கொடியில் கிடந்ததையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டுதான் போனாள். அதன் பிறகு பார்க்கவில்லை. வேப்பஞ்சேலை நான் கட்டினேன். அம்மனிடம் கீறல்கூடக் கூடாது என்று கேட்டிருந்தேன், ஆனாலும் கட்டினேன்.

அவள் போவதற்கு முன்னால் நடந்தது ஒன்று சொல்ல வேண்டும். அவர் கட்டுப் பிரித்து நடக்க ஆரம்பித்த நாளில் அந்த வெல்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணி, அந்தப் புது ஹெல்மெட்டு அப்டியே கீதா? சும்மா ஓரமாத்தான் வெடிச்சிருக்குன்னு அண்ணன் சொன்னாரு. குடுங்க அண்ணி. மெய்யாலுமே ராசியானது. நம்ம ஷிஃப்ட்ல ஒருத்தன் புதுசா வண்டி எடுத்திருக்கான், போன மாசம்தான் கல்யாணம் ஆச்சி அவனுக்கு."

அவனைக் கட்டிக்கொண்ட பெண்ணை நினைத்தேன். முகம் தெரியாது. அவளும் சாயங்காலத்தில் எங்கேயோ ஒரு வாசலில் நிற்பாள். இதற்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, நிம்மதியாகத் தூங்குவாள்.

உள்ளே போய் ஹெல்மெட்டை எடுத்து வந்து வாசல்படியில் கவிழ்த்தேன். திரும்பப் போய்க் குழவியைத் தூக்கி வந்தேன். "அண்ணி, அண்ணி, இன்னா பண்றீங்க" என்று வெல்டர் எழுந்து நின்றார். ஒரே போடில் உடையவில்லை. மூன்று நாலு போடு போட வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமான பார்வைதான். அப்படித்தான் நான் எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு எதிர் வீட்டுக் கேட் திறந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். படியில் கிடந்த சில்லுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொரு புது ஹெல்மெட் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வண்டியை எடுத்தார். நான் வாசலில் நின்று, அவர் சட்டைக் கையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.